கால்நடை மருத்துவமா, ஜவுளியா: ஒரு வியாழக்கிழமைக்குள் நான் எடுத்த முடிவு

1. முதல் வேலை

பனியன் கம்பெனியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, துணியைத் தூங்க வைப்பது. கேலிக்குச் சொல்லவில்லை. லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி துணி, காம்பாக்டிங் மெஷினில் அழுத்தி முடிந்து ரோலாக வரும்போது இழுத்துச் சுற்றப்பட்டிருக்கும். அந்த இழுப்போடு வெட்டினால், வெட்டிய பிறகு சாவகாசமாகச் சுருங்கும். ஆகவே ரோலைப் பிரித்து, ரேக்கில் தளர்வாக மடித்துப் போட்டு, ஒரு முழு நாள் யாரும் தொடாமல் விட வேண்டும். ரிலாக்ஸிங் என்று பெயர். எந்த நாள், எத்தனை மணிக்குப் பிரித்தோம் என்று ஒரு டேக்கில் எழுதிக் கட்டிவிட வேண்டும். மறுநாள் அதே மணி தாண்டினால்தான் துணி கட்டிங் டேபிளுக்குப் போகும்.

இப்போது விசிட்டிங் கார்டில் ஃபேப்ரிக் டெக்னாலஜிஸ்ட் என்று போட்டுக்கொண்டு நாலைந்து கம்பெனிகளுக்குப் போய் வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், சார் நீங்க ஏன் இந்த லைனுக்கு வந்தீங்க என்று கேட்பார்கள். இதுவரை ஆறு விதமான பதில் சொல்லியிருக்கிறேன். ஆறும் கேட்க நன்றாக இருக்கும், ஆறும் பொய். உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரி திறப்பதற்கு முன்னால் சும்மா கிடந்த கோடை. என் அம்மாவின் சித்தப்பா மகன் திருப்பூரில் இந்தப் பனியன் யூனிட்டை வைத்திருந்தார். எனக்கு மாமா முறை. எங்கள் ஊர் குண்டடத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னை, "அங்க வந்து நாலு விசயம் பழகட்டுமுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக் கூட்டிவந்துவிட்டார்.

கட்டிங் மாஸ்டர் அருள்ராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் என்னிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்.

"ஏல, டேக்குல இருக்கததாம் நா நம்புவேன். துணியப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. ஒழுங்கா எழுது."

அதன் பிறகு அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு.

2. இரண்டு சீட்டு

நான் இரண்டு கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒன்று இன்ஜினியரிங். அதில் கோவையில் ஒரு கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி கிடைத்துவிட்டது. இன்னொன்று கால்நடை மருத்துவம். அதில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தேன்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. எட்டாவது படிக்கும்போது, எங்கள் எருமை கன்று போட முடியாமல் தவித்த ஒரு நாள், டாக்டர் வந்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டார். அரை மணி நேரம் போராடிக் கன்றை வெளியே இழுத்தார். பிறகு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே டீ கேட்டார். உலகத்தில் இதைவிடப் பெரிய மனிதன் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. அன்று முதல் எங்கள் ஊர்க் கோழி, நாய் எல்லாவற்றுக்கும் நானே நாடி பிடித்துப் பார்த்திருக்கிறேன். அவையும் நான் வந்தால் ஓடப் பழகிக்கொண்டன.

ஆனால் யாரிடம் கேட்பது? மாமாவிடம் கேட்டால் டெக்ஸ்டைல் என்பார், அவருக்கு வீட்டு ஆள் ஒருவன் வேண்டும். ஊரிலிருந்த என் சித்தப்பா, டாக்டர் என்றால் மனுஷ டாக்டர் ஆகணும், மாட்டு டாக்டருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றார். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் கவலையையும் சேர்த்துச் சுமந்தேன். எஸ்டிடி பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டால், எப்போதும் ஒரே பதில்தான்.

"உன்ற இஷ்டம் கண்ணு."

இதைவிடக் கொடுமையான வார்த்தையை அதன் பிறகு துணி வாங்க வரும் எந்தப் பையரும் என்னிடம் சொன்னதில்லை.

நான் தங்கியிருந்த அறையில் என்னோடு இரண்டு நிட்டிங் ஆபரேட்டர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நைட் ஷிஃப்ட். நான் வேலைக்குப் போகும்போது அவர்கள் வந்து சுவரைப் பார்த்துப் படுப்பார்கள், நான் வரும்போது டிபன் பாக்ஸோடு கிளம்புவார்கள். அவர்களுடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ரோட்டில் எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும். ஒரு பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு, அதை எவ்வளவு மெதுவாகத் தின்ன முடியும் என்று பார்ப்பேன். நாற்பது நிமிடம் வரை இழுத்திருக்கிறேன்.

கடைசியில் ஃபேப்ரிக் கோடவுனில் படுத்திருந்த துணிகளிடமே கேட்டேன். மாடா, பனியனா? நாற்பது ரோலும் ரிலாக்ஸிங்கில் இருந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை.

3. வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நேவி ப்ளூ லைக்ரா ரோல்களைப் பிரித்துப் போடச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை முற்பகல் கட்டிங். அதே வெள்ளிக்கிழமைதான் வெயிட்டிங் லிஸ்ட் நகர்ந்ததா என்று இன்டர்நெட்டில் போடுவதாக ஒரு பேச்சு இருந்தது.

பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கம் திறக்கவில்லை. கொஞ்சம் திறந்தது, பாதியில் நின்றது, கரன்ட் போனது, வந்தது. என் பெயர் வரும் இடத்துக்கு வருவதற்குள் மாலையாகிவிட்டது. வந்து பார்த்தால் லிஸ்ட் நகரவே இல்லை. கம்பெனிக்குத் திரும்ப மனதில்லாமல் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். கோடவுன் பக்கம் அன்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, என்னைத் தேடவும் இல்லை. நான் இல்லாதது ஒருவருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்கு நிம்மதியும் வருத்தமும் சம அளவில் இருந்தன.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் அவசர அவசரமாக ரோல்களைப் பிரித்தேன். டேக்கில் 'வெள்ளி, காலை 10' என்று எழுதினேன். துணி என்ன, கல்யாண வீட்டுக்குப் போன மாமனாரா, ஒரு நாள் படுத்துத்தான் எழுந்திருக்குமா என்று மனதுக்குள் ஒரு கேலி வேறு. பதினொரு மணிக்கு அருள்ராஜ் அண்ணன் டேக்கைப் பார்த்தார், துணியை அடுக்கி வெட்டும் கணக்கான லே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார், மெஷினை ஓட்டினார்.

4. செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை அப்பா கம்பெனி போனுக்கே கூப்பிட்டார். இன்டர்நெட்டில் ஏறாமலே லிஸ்ட் நகர்ந்திருந்தது. வியாழக்கிழமை காலை, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். என்ன செய்யட்டுங்கப்பா என்றேன். உன்ற இஷ்டம் கண்ணு என்றார். ஆனால் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டதும் முடிவெடுத்துவிட்டேன். புதன்கிழமை ரயில்.

செவ்வாய்க்கிழமை செக்கிங் டேபிளில் சூப்பர்வைசர் அக்கா ஒரு பீஸை அளந்தார். செஸ்ட் ஒரு இன்ச் குறைந்தது. அடுத்த பீஸும் அப்படியே. லேபிளில் மீடியம், உடம்பில் ஸ்மால். கால் மணி நேரத்தில் லைன் நின்றது. வெட்டித் தைக்காமல் வைத்திருந்த பார்ட்டுகளை அளந்தார்கள். முக்கால்வாசி அளவில் இல்லை.

மாமாவின் ரூமுக்கு அருள்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டார்கள். நான் டேக் கட்டோடு வாசலில் நின்றேன். அண்ணன் என் கையிலிருந்து ஒரு டேக்கை வாங்கிக் காட்டினார், நேரம் சரியாக இருக்கிறது, துணியில்தான் ஏதோ கோளாறு என்றார். மாமா லே ரிப்போர்ட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவார்கள். அந்த மரியாதை எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"கையெழுத்து உங்களுதுங்க மாஸ்டர். நாளைலிருந்து நீங்க சிரமப்பட்டு வரோணும்னு இல்லீங்க."

குரல் உயரவே இல்லை. அண்ணன் கத்தரியை ஒரு பழைய பனியனில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்போது என் கையிலிருந்த டேக்குகளைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. புதன்கிழமை

கணக்கு எளிது. மாலையில் ரயில் ஏறினால், நான் கால்நடை மருத்துவன். டேக்கில் என்ன எழுதினேன் என்று கேட்க ஆளில்லை. மாட்டுக்கு ஊசி போடப் போகிறவனிடம் நேவி ப்ளூ லைக்ராவைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? எனக்குப் பிடித்த படிப்பு, அப்பாவுக்குப் பிடித்த படிப்பு, போதாததற்குத் தப்பித்து ஓடவும் வழி. ஒரே சீட்டில் மூன்று லாபம். அந்த மூன்றாவதுதான் உறுத்தியது. எட்டாவதிலிருந்து ஆசைப்பட்ட ஒன்றை, ஒளிந்துகொள்ளும் இடமாகப் பயன்படுத்தப் போகிறேன்.

பையோடு கம்பெனிக்குப் போனேன். சொல்லிக்கொண்டு கிளம்பத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமா தேங்காய் உடைத்து அனுப்பாத குறையாக வாழ்த்தினார். கும்பிட்டுவிட்டுத் திரும்பிக் கதவு வரை வந்தவன், பிடியில் கையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"நேத்தே ஏங்கண்ணு சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க மாமா."

"செரி. சொன்னது சொல்லிப் போட்டே. இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். நீ ரயிலுக்குப் போ. மாஸ்டர ஒரு மாசங் கழிச்சு நானே கூப்பிட்டுக்கறேன்."

அன்போடுதான் சொன்னார். சொந்தக்காரப் பையன் பெயர் கெடக்கூடாது என்பது அவர் கவலை. ஒரு மாதம் அருள்ராஜ் அண்ணன் வேலை தெரியாதவர் என்ற பெயரோடு திருப்பூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார் என்பது அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை.

இன்றே கூப்பிடுங்கள் என்றேன். பார்ட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, தேறாததை ஸ்மால் பேட்டர்னில் மறுபடி வெட்டினால் பாதிக்குமேல் தப்பும், மாஸ்டர் வந்தால் நானும் நின்று அளக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அது முடிய மூன்று நாள் ஆகும் என்று எனக்கே உறைத்தது.

6. வியாழன் முதல் சனி வரை

மாமா ஒருவழியாகச் சம்மதித்தார். அண்ணனை அழைத்துவர நானே போனேன். லைன் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன். அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சென்னையில் யாரோ என் பெயரை வாசித்து, ஆள் இல்லை என்று அடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு முன்பக்கப் பார்ட்டில் டேப்பை வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் ஒரே டேபிளில் நின்றோம். நான் அளந்து தள்ளுவேன், அவர் வெட்டுவார். அவர் பேசவில்லை. விஷயம் பரவிவிட்டதால் லைனில் இருந்தவர்களும் பேசவில்லை. கேன்டீனில் எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சில் நான் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டேன். தனியாக இருப்பது எனக்கு ஏற்கெனவே பழக்கம்தான். எல்லோருக்கும் நடுவில் தனியாக இருப்பது வேறு பாடம், அதற்கு நான் முன்பு படித்ததெல்லாம் உதவவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்து ரயில் ஏறவில்லை என்றேன். ஏன் என்றும் சொன்னேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கடைசிக் கட்டு முடிந்ததும், அண்ணன் டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், டாக்டர் சீட்டை விட்டுவிட்டேன், டெக்ஸ்டைலில்தான் சேரப்போகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், ஒரு சின்னப் பாராட்டை எதிர்பார்த்தேன். தோளில் ஒரு தட்டு. கண்ணில் லேசாக ஈரம் இருந்தாலும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"நா ஒன்ன நிக்கச் சொன்னனால?"

"இல்லண்ணே."

"நீ பண்ணுன தப்ப நீ சொன்ன. சரி, அதோட முடிஞ்சு. மொதலாளிட்ட சொல்லிட்டு அன்னைக்கே ரயிலு ஏறிருக்கலாம்லா? ஒரு ஆளு அளந்து குடுக்க இங்கன யாருமே இல்லையா? கெடச்ச சீட்ட விட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுத. எனக்காக ஒண்ணும் படிக்காத, கேட்டியா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கட்டிங் டேபிள் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. அளக்க ஆள் இருந்தார்கள். நான் ஒப்புக்கொண்டதற்கும் நின்றதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் முறையாகத் தனியாகச் சென்னைக்குப் போகும் பயம், பெரிய ஊர்ப் பயம், ஆசைப்பட்டது கையில் வந்துவிட்டால் அதில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து என்னை நிறுத்தின. அதற்கு நான் தியாகம் என்று பெயர் வைத்து, அந்த டேக்கையும் தப்பாகவே எழுதியிருந்தேன்.

கல்லூரியில் முதல் இரண்டு வருடம், இன்னொருவருக்காகப் படிப்பவன் போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த இன்னொருவருக்கு என் ஞாபகம்கூட இருந்திருக்காது. மூன்றாம் வருடம் லேபில் பனியன் துணியின் ஒரு பின்னல் லூப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, பாராட்டவும் திட்டவும் ஆளில்லை. அந்த நாளைத்தான் நான் டெக்ஸ்டைலில் சேர்ந்த நாளாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஆகவே எந்தப் படிப்பை எடுப்பது என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஏன் எடுத்தோம் என்பதை மட்டும், ஊருக்குச் சொல்லும் காரணம் எப்படி இருந்தாலும், உங்களுக்கு நீங்களே ஒருமுறை உள்ளபடி சொல்லிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கூட யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் இல்லை. இரண்டு வருடம் தாமதமாகத்தான் சொல்லிக்கொண்டேன். எருமையைப் பார்த்தால் இன்னமும் வண்டியை நிறுத்திவிடுகிறேன்.