பின்வாசல் பானை

அறுபதுகளில் செஞ்சி தாலுகாவுக்கே தலைமை ஊர் என்றாலும், தாலுகா கச்சேரி, பத்திர ஆபீஸ், பஸ் நிற்கும் இடம் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்திர ஆபீசில் கைரேகை எடுக்கும் பியூனை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டை, விரல்களில் போகாத மை. மை தடவுவதற்கு முன் ஒவ்வொருவர் கட்டைவிரலையும் ஈரத்துணியால் அவரே துடைத்துவிடுவார்.

என் கணவர் இறந்து மூன்று மாதம். அவர் பங்கு நிலத்தை நான் விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் எழுதி, அவருடைய அண்ணன் என்னை அழைத்து வந்திருந்தார். மறுத்தால் கிணறு இருக்கிறது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தார். இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

பியூன் பிடித்ததும் என் விரல் நடுங்கியது. அவர் எனக்குப் பின்னால் நின்றவரை ஒருமுறை பார்த்தார்.

"இப்டி ஆடுனா ரேகை கலங்கிப் பூடும்மா. பின்வாசல்ல பானை இருக்குது. தண்ணி குடிச்சிட்டு வா."

"சீக்கிரம் ஆவட்டும்" என்றார் அண்ணன்.

"இன்னா அவசரம், உக்காருங்க" என்று ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார் பியூன்.

பின்வாசலில் பானை இல்லை. என் அம்மா இருந்த அனந்தபுரத்துக்குப் போகும் பஸ்தான் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டேன்.

ஊரைத் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. ஆபீசுக்குள் நுழையும்போதே பானையைப் பார்த்திருந்தேன். அந்தப் பியூனின் மேசைக்குப் பக்கத்திலேயே, மூடிமேல் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.