தலைவரின் லட்டு உதாரணம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரி கடைத்தெருவில், மைக் முன்னால் நின்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நானா செய்தேன்? நானேதான்!

என்னைப் பற்றி இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நூல் கடையில் வேலை. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ஆசாமி. ஆனால் மேடை ஏறுவேன்... அடுத்தவர் பேச்சைச் சொல்வதற்கு மட்டும்.

ஆந்திரா எல்லையில் இருக்கிற எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வருகிற தலைவர்கள் தெலுங்கில் பேசுவார்கள். பக்கத்தில் ஒருவன் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் தமிழிலும் கேட்டால்தான் அவர்களுக்குக் கூட்டத்துக்குப் போன திருப்தி. ஒரே பேச்சுக்கு இரண்டு தடவை கை தட்டுவார்கள். தலைவர்களுக்குக் கசக்குமா?

எங்கள் தலைவர் — பெயர் வேண்டாமே, தலைவர் என்றே வைத்துக்கொள்வோம் — அவருக்கு நான்தான் வழக்கமான தமிழ். வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு அடிபட்டதே, அன்றிலிருந்து அவருக்கு அது பிடிக்கவில்லை. நாகலாபுரத்திலும் அதே பேச்சு, நாராயணவனத்திலும் அதே பேச்சு. அந்தப் பேச்சுக்கு உயிரே ஒரு லட்டு உதாரணம்தான்.

திருமலையில் லட்டு பிடிக்கிறவர்களைத் தாலுகா ஆபீசில் உட்கார வைத்து, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களை லட்டு பிடிக்க அனுப்பினால் என்ன ஆகும்? லட்டும் வராது, பட்டாவும் வராது! பேங்க்கை பேங்க் தெரிந்தவனிடமே விட்டுவிடுங்கள், சர்க்கார் அதில் கை வைக்கக் கூடாது என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவர் ‘லட்டு’ என்று ஆரம்பித்தாலே போதும், அவர் முடிப்பதற்குள் நான் தமிழில் முடித்திருப்பேன்.

அப்புறம் ரேடியோவில் செய்தி வந்தது. பெரிய வங்கிகள் எல்லாம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டன!

எங்கள் நெசவாளர் தெருவை நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பேங்க் வாசற்படியை மிதித்தறியாதவர்கள் எல்லாம் டீக்கடையில் பேங்க்கைப் பற்றியே பேசினார்கள். இனிமேல் சின்ன ஆளுக்கும் கடன் உண்டாம் என்றார் ஒருவர். மேனேஜர் எழுந்து நின்று பேசுவாராம் என்றார் இன்னொருவர். எனக்கே அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. போகவில்லை. கூச்சம்!

போனவள் ராஜம்மா. தன் முதலாளிக்கு நூல் வாங்கிப் போக எங்கள் கடைக்கு அடிக்கடி வருவாள். அவளும் புருஷனும், அந்த முதலாளி அவர்கள் வீட்டில் போட்டுக் கொடுத்த தறியில் கூலிக்கு நெய்கிறவர்கள். தீபாவளிக்கு அப்புறம் அந்தத் தறியை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக அவர் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு தறி போட்டால்தான் பிழைப்பு. சட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை கடன் கேட்டுப் போனபோது, பேங்க்கில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். இருப்பதோ வாடகை வீடு. சட்டம் வந்த பிறகு மறுபடி போனாள். திருப்பதியில் இருக்கிற பெரிய மேனேஜர்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். திருப்பதிக்குப் போனால், ஊர் பேங்க்கிலேயே கேள் என்றார்கள்.

அந்தப் பெரிய மேனேஜர் எங்கள் தலைவருக்கு ரொம்ப வேண்டியவர். ஆனால் தலைவர்தான் எதிர்க்கட்சி... லட்டுக் கட்சி ஆயிற்றே?

வெள்ளிக்கிழமை கூட்டம். தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கினார், துண்டைச் சரி செய்தார், நேராக மைக்குக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் பேசுவதில்லை. எடுத்த எடுப்பில் திருமலை என்றார், லட்டு என்றார். நான் புறப்பட்டுவிட்டேன்!

“லட்டும் வராது, பட்டாவும் வராது. பேங்க்கை பேங்க் தெரிந்தவனிடமே விட்டுவிடுங்கள்” என்று முழங்கி முடித்தேன். கை தட்டல் இல்லை. கூட்டம் ஒரு மாதிரி பார்த்தது. அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கடைத்தெருவே குலுங்கியது.

தலைவர் சொன்னது வேறு. மலைமேல் பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்று லட்டு வாங்குகிறார்கள் அல்லவா, இனி பேங்க்கும் அப்படித்தான், சர்க்கார் எடுத்தது ரொம்ப நல்லது என்றிருக்கிறார். உதாரணம் அதே லட்டுதான். கட்சிதான் மாறிவிட்டது! டெல்லியில் அவருடைய ஆட்கள் மனசு மாறியிருக்கிறார்கள், இவரும் மாறிவிட்டார். மொழிபெயர்க்கிறவனுக்கு யார் தந்தி அடிப்பார்கள்?

“ஏமய்யா, நித்ர ஒச்சிந்தா?” என்றார் என்னிடம். தூக்கமா என்று கேட்டதையும் மைக் ஊருக்கெல்லாம் சொல்லியது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்வரிசையிலிருந்து ராஜம்மா எழுந்தாள்.

“அண்ணா, நீ சொல்றது போன மாசத்துப் பேச்சு. ஐயா சொல்றது இந்த மாசத்துப் பேச்சு. எது நிக்கும், அத்த மொதல்ல சொல்லு.”

“ரெண்டையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் பாருங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தலைவரும் சிரித்துவிட்டார். காலம் மாறுகிறது, மனுஷன் மாறக் கூடாதா என்றார். இதை ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். ராஜம்மா உட்காரவில்லை.

“மாறினது நல்லதுதாங்க ஐயா. வாடக வூட்ல கீறவங்களுக்குத் தறி போட பேங்க்ல குடுப்பாங்களா, மாட்டாங்களா? தீபாவளி போச்சுன்னா எங்களுக்குத் தறி இல்ல. இங்க கேட்டா திருப்பதின்றாங்க, அங்க கேட்டா இங்கன்றாங்க. சுத்திக்கினே கீறோம்.”

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“தப்பகுண்டா சூத்தாம்” என்றார்.

கண்டிப்பாகப் பார்ப்போம்! இந்த ‘சூத்தாம்’ இருக்கிறதே, இதை நான் எத்தனை மேடையில் தமிழாக்கியிருக்கிறேன் தெரியுமா? ரோட்டுக்குப் பார்ப்போம், தண்ணீருக்குப் பார்ப்போம், பாலத்துக்குப் பார்ப்போம்... பார்த்தவர் யார்? ராஜம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாய் திறந்தது.

“வருகிற புதன்கிழமை, திருப்பதி பெரிய மேனேஜரை நானே இங்கே அழைத்து வருகிறேன். வாடகை வீடாக இருந்தால் என்ன? நெய்கிற கையை அவரே நேரில் பார்க்கட்டும்!”

இப்படி அவர் சொல்லவே இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெலுங்கு தெரிந்த ஊர் அல்லவா? செத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது ஒருவர் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். அப்புறம் நிற்கவே இல்லை! தலைவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சும்மாவா தலைவர் ஆகிறார்கள்? மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“புதவாரம் பெத்த மேனேஜர்னு நேனே தீஸ்கோனி ஒஸ்தானு!”

நான் சொன்னது அப்படியே தெலுங்கில். அதற்கும் கை தட்டல்!

கூட்டம் முடிந்ததும் மைக் செட் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். தலைவர் தேடி வந்து தோளில் கை போட்டார். அடுத்த கூட்டத்துக்கும் நீதான் வர வேண்டும், ஆனால் கொஞ்சம் முன்னாலேயே வா, பேசிக்கொள்ளலாம் என்றார். கோபமா, சந்தோஷமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை ஜீப் வந்தது. நிஜமாகவே வந்தது! மேனேஜர் தலையைக் குனிந்து ராஜம்மா வீட்டுக்குள் போனார். அவள் நெய்வதைப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுப் பத்திரம் வேண்டாம், வாங்கப் போகிற தறியையே ஈடாக எழுதிக்கொள்ளலாம் என்றார். வாசலில் நின்ற தலைவர், தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லி வருவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. தலைவர்கள் மாறட்டுமே... நம் பக்கம் மாறும்போது சட்டென்று ஒரு தேதி குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ராஜம்மா மட்டும் இன்னும் முழுசாக நம்பவில்லை. தறி வந்து எறங்கட்டும் அண்ணா, அப்பறம் சிரிச்சிக்கலாம் என்கிறாள். சொல்லும்போதே சிரித்துவிடுகிறாள்.

இத்தனை வருஷமாக நான் தலைவருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியத்துக்கு, அவர் எனக்கு!