கலஹா வீதியில் ஏழு கிண்ணங்களும் தங்கையின் நித்திரையும்

கண்டிப் பக்கம் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி மனதை ஆற்றுகிறார்களாமே, போய்ப் பார்க்கலாமா என்று போன பதிவின் கீழே இருவர் கேட்டிருந்தார்கள். போய்விட்டு வந்துவிட்டேன். நீங்களும் போவதாக இருந்தால் வழியில் அலைய வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது, எழுத்து அங்கங்கே தள்ளாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எனக்காகப் போகவில்லை. என் தங்கை ரதிக்காகப் போனேன். சண்டை மறுபடி தொடங்கித் தரைப்பாதையைப் பூட்டிய பிறகு மாதக்கணக்காக யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக் கிடந்து, ஒருவழியாகக் கப்பலில் இடம் கிடைத்து, திருகோணமலை வழியாகக் கொழும்பில் வெள்ளவத்தைக்கு என்னிடம் வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகப் படுக்கவில்லை. கதவைப் பார்த்தபடி கதிரையில் இருப்பாள், அப்படியே விடிந்துவிடும். டொக்டர் நித்திரைக்குக் குளிசை கொடுத்தார். ஒரு நாள் அதைப் போட்டுப் படுத்தவள் காலையில் எழும்பி அழுதாள். "குளிசை போட்டால் ஒண்டும் கேக்காது அக்கா," என்றாள். பிறகு அதைத் தொடவே இல்லை. அங்கே இரவிரவாகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். அதை விட்டுவிடு என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் உடம்பு தாங்கவில்லை. போன மாதம் குசினியில் நின்றபடியே கண் செருகி, கொதிதண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அலுவலகத்தில் ஒருவர் சொன்ன இந்தக் கிண்ண வைத்தியத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை ரயில் எடுத்தோம். கண்டிக்கு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். வலப்பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்குத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். நான் பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுரங்கத்திலும் ரதி என் மணிக்கட்டைப் பிடித்தாள், வெளிச்சம் வந்ததும் விட்டாள். கண்டியில் இறங்கும்போது கையில் அவளுடைய நகத் தடம் இருந்தது.

தங்குமிடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் அறை இருக்கிறது என்றார்கள். நேரில் போய் அடையாள அட்டையை நீட்டியதும், பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அறை இல்லை என்றார்கள். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. குண்டசாலையில் இருக்கும் பழைய சகபாடி ஒருத்தியைக் கூப்பிட்டேன். "வாங்கோ, ஆனா பொலிசிலை பதிஞ்சு போட்டுத்தான் படுக்க வேணும்," என்றாள். ஒரு பின்னேரம் அதிலேயே போனது.

மறுநாள் குண்டசாலையிலிருந்து கண்டி பஸ் நிலையம் வரை எங்களை ஏற்றிய முச்சக்கரவண்டிக்காரர் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் ஒருவர். நாங்கள் இரண்டு சொல் பேசியதுமே, "யாழ்ப்பாணமா? செக்பொயின்ட் வந்தா நீங்க பேசாம இரிங்க, நான் பேசிக்கிறேன்," என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னேன். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "கிண்ணம் தட்டுற சத்தம் கேக்கவா கொழும்பிலிருந்து வந்தீங்க? எங்க ஊட்டுக்கு வந்திருந்தா எங்க பொஞ்சாதி காலைல சும்மாவே தட்டுவா. காசும் எடுக்கமாட்டா." ரதி சிரித்தாள். கப்பலில் வந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. இறங்கும்போது அவர் கேட்டதற்கு மேலே இருபது ரூபாய் கொடுத்தேன்.

கண்டியிலிருந்து பேராதனை வழியாக கலஹா பஸ். வளைவுகள் அதிகம், வயிறு பிரட்டுபவர்கள் முன்னால் உட்காருங்கள். கலஹாவுக்கு இரண்டு நிறுத்தங்கள் முன்னால் இறங்கினால் தேயிலைக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று. நடத்துபவர் முன்பு ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற சிங்கள அம்மா, நேபாளத்தில் போய்ப் பழகி வந்தவர். தமிழில் சொல்ல புஷ்பம் என்று ஒரு பெண் கூட இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வாய் ஓயாது.

"வாங்கக்கா, வளையல் கிளையல் எல்லாம் கழட்டிருங்க, மல்லாக்கப் படுத்து கண்ண மூடிக்கிங்க, அவ்வளவுதான்," என்றாள் புஷ்பம். பாயில் படுத்தோம். எங்களைச் சுற்றி ஏழு கிண்ணங்கள், பெரியது சோற்றுப் பானை அளவு. அம்மா பெரியதைத் தட்டினார்.

அடியிலிருந்து வரும் சத்தம் அது. தரை வழியாக முதுகுக்குள் ஏறி, தொலைவில் எங்கோ வட்டமிடுவது போல ரீங்கரித்தது. நான் கண் திறந்தபோது குப்புறக் கிடந்தேன். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சைத் தரையில் படாமல் தூக்கி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. பக்கத்தில் ரதியும் அச்சாக அதேபோல. விமானம் வந்தால் இப்படிக் கிட என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியது. நான் ஊரை விட்டு எத்தனையோ வருடங்கள், என் உடம்பு அதை மறக்கவில்லை.

அம்மா புஷ்பத்திடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். "குப்புறப் படுத்தா முதுகுலதான் கிண்ணத்த வப்பாங்களாம், பரவாயில்லையான்னு கேக்குறாங்க," என்றாள் புஷ்பம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரதி சிரிக்கவில்லை.

"அக்கா, தட்டப் போறதை முதலே சொல்லச் சொல்லு," என்றாள். "குத்துற சத்தம் இல்லாமல் வந்து விழுது."

யாழ்ப்பாணத்தில் இராணுவ முகாமிலிருந்து செல், அதாவது எறிகணை, புறப்படும்போது ஒரு குத்துச் சத்தம் கேட்கும். விழுவதற்குள் ஓடி ஒதுங்க அந்த இடைவெளிதான் அவர்களுக்கு உள்ள நேரம். இதை அந்த அம்மாவுக்கு நான் முழுவதும் விளக்கவில்லை. தங்கை திடுக்கிடுகிறாள், முன்கூட்டிச் சொன்னால் நல்லது என்று மட்டும் புஷ்பம் மூலம் சொன்னேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் கொஞ்சநேரம் பார்த்தார். புஷ்பத்தை ரதியின் தலைமாட்டில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால், "இப்பக்கா," என்று அவள் சொன்னாள். கடைசி வரை ரதி மல்லாந்து கிடந்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. மறுநாளும் போனோம். கண்ணை மூடினாள், நித்திரை வரவில்லை. ஆளுக்கு அறுநூறு ரூபாய், ஒரு மணித்தியாலம்.

திரும்பும்போது ரயிலில் இடமில்லை. இன்டர்சிட்டி பஸ் எடுத்தோம். இவ்வளவு தூரம் வந்தும் பலனில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடுகண்ணாவை மலை வளைவுகள் தாண்டும்போது என் தோளில் பாரம் விழுந்தது. சாரதி சினிமாப் பாட்டு உச்சத்தில் போட்டிருந்தார், நடத்துநர் கதவைத் தட்டித் தட்டி ஆள் ஏற்றினார். ரதி வாயைப் பிளந்து நித்திரை. கை மரத்துப்போயும் நான் அசையவில்லை. கண் எரிந்தது, மூடவும் இல்லை.

கொழும்பை நெருங்கும் இடத்தில் சோதனைச் சாவடி. எல்லோரும் பைகளோடு இறங்க வேண்டும். முன் கதவால் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். எங்கள் வரிசை வரும்வரை அவளை எழுப்பவில்லை. பிறகு தோளைத் தொட்டு, "ரதி, செக்கிங். வேற ஒண்டும் இல்லை," என்றேன். எழும்பினாள். அட்டைகளைப் பார்த்து எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். விசாரித்தார்கள், விட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்குள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் நகர்ந்ததும் ரதி கேட்டாள்.

"கனநேரம் படுத்தனானோ?"

"ரெண்டு மணித்தியாலம் இருக்கும்."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை." பயந்து சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, "நீ முழிச்சோ இருந்தனீ?" என்றாள்.

"ஓம்."

"அப்ப சரி." மறுபடி தோளில் சாய்ந்தாள்.

கிண்ணம் வேலை செய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வார நாட்களில் போங்கள், ரயில் சீட்டை முன்கூட்டி எடுங்கள், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையோடு இருக்கட்டும். தெரிந்தவர்கள் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. வடக்கிலிருந்து வந்தவர்களை அழைத்துப் போனால், தட்டுவதற்கு முன் சொல்லச் சொல்லி முதலே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இன்று ஞாயிறு மத்தியானம். கதவைப் பார்த்திருக்கும் அந்தக் கதிரையில் இருந்துதான் இதைத் தட்டுகிறேன். உள் அறையில் ரதி படுத்திருக்கிறாள். கீழே காலிக்குப் போகும் பெரிய வீதியில் ஏதோ ஒரு பஸ்ஸின் கதவு படாரென்று அடித்தது. பஸ்தான். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.