லிஃப்டுக்கு நான் விட்ட லீவு

மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் எனக்கு வேலை. ஏசி, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் அங்கிருக்கும் திரைகளில் தெரியும். அதே கட்டடத்தில் என் அம்மா ஹவுஸ்கீப்பிங்கில் மாப் போடுகிறாள். எங்கள் ஊர் ஏம்பலத்தில் நாற்று நட்ட கை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை யாரிடமும் தணிந்த குரலில் சொன்னதில்லை. நான் அவள் மகள் என்பது ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்குத் தெரியாது. மாப் போடுகிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோக ஒரு ரோபோ வாங்கினார்கள். இடுப்புக்கு மேல் உயரம், நான்கு தட்டு, தலையில் ஒரு திரை. கை கிடையாது, அதனால் லிஃப்ட் பொத்தானை அழுத்த முடியாது. மூன்றாம் மாடி போக வேண்டுமென்றால் கம்பியில்லாமல் எங்கள் கட்டட சிஸ்டத்திடம் கேட்கும். சிஸ்டம் லிஃப்டை வரவழைத்து, கதவு திறந்ததும் ரோபோவுக்குச் சொல்லும். அந்தப் பதில் வராமல் அது ஓர் அங்குலம் நகராது.

ஆயுத பூஜை அன்று காலை பெண்கள் வழக்கம்போல மாப், பக்கெட், வீல்சேர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வேலை செய்கிற எதையும் அன்று பொட்டில்லாமல் விடமாட்டார்கள். ரோபோவும்தான் வேலை செய்கிறது. அம்மா அதன் திரைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

பத்து மணிக்கு மருந்தோடு சர்வீஸ் லிஃப்ட் முன்னால் போன ரோபோ அப்படியே நின்றுவிட்டது. ஒரு நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, அதே லிஃப்டில் மேலே போனார். ஆக லிஃப்டில் கோளாறு இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். மேலாளர் வந்து பொட்டைப் பார்த்தார். கண்ணில் குங்குமத்தை அப்பிவிட்டார்கள், படிக்காத ஜனங்கள் நடுவில் மெஷினை விட்டால் இப்படித்தான் என்றார். யார் வைத்தது என்று கேட்டார். அம்மா முன்னால் வந்தாள். நாளையிலிருந்து இந்தம்மா வேண்டாமென்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லும்படி சூப்பர்வைசருக்கு உத்தரவு போட்டார்.

"பொட்டு வச்சதுக்கா சார் வேல போவுது?" என்றாள் அம்மா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அறைக்கு ஓடிப் பதிவுகளைத் திறந்தேன். ரோபோ லிஃப்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சிஸ்டம் ஒரே பதிலைத் தந்திருந்தது: இன்று விடுமுறை. போன வாரம் விடுமுறைப் பட்டியலை ஏற்றியது நான்தான். அலுவலகப் பகுதிக்கு மட்டும் போட வேண்டியதைக் கட்டடம் முழுவதற்கும் போட்டிருந்தேன். விடுமுறை நாளிலும் பொத்தானை அழுத்தும் மனிதருக்கு லிஃப்ட் வரும். சிஸ்டம் வழியாகக் கேட்கும் ரோபோவுக்கு வராது. பதிவின் ஓரத்தில் என் பெயர் இருந்தது.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டு சும்மா இரும்மா. உன் ரெக்கார்டு ஏன் கெடணும்? அந்தம்மா கான்ட்ராக்ட் ஆளு, வேற எங்கயாவது சேந்துக்கும்."

பட்டியலைத் திருத்தினேன். கதவைத் திறந்துகொண்டு நேரே லிஃப்டுக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். சூப்பர்வைசர் ஈரத்துணியோடு பொட்டைத் துடைக்கக் குனிந்திருந்தார்.

"தொடைக்காதீங்கண்ணா. இதோட கண்ணு கீழ, சக்கரத்துகிட்ட இருக்கு."

கைக்கணினியில் ரோபோவை மறுபடி மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன். லிஃப்ட் இறங்கி வந்தது. கதவு திறந்தது. ரோபோ பொட்டோடு உள்ளே போய்த் திரும்பி நின்றது.

"இன்னாக்கா, ஒம்புள்ள ஒரு வழியா லிஃப்ட் ஏறிட்டான்" என்று கூடி நின்ற ஹவுஸ்கீப்பிங் பெண்களில் ஒருத்தி அம்மாவைச் சீண்டினாள்.

மேலாளரைப் பார்த்துச் சொன்னேன்: "லிஃப்டுக்கு லீவு போட்டது நான் சார். படிச்சவ பண்ண தப்பு. மெமோ எனக்குக் குடுங்க. இது எங்கம்மா, நாளைக்கும் வேலைக்கு வரும்."

அத்தனை பேர் முன்னால், ஒப்பந்தக்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டாமென்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் திட்டினாள். "ஒம்பேர்ல ஏன்டி வாங்கிக்கின? நா வேற வேல பாத்துக்க மாட்டனா?" வீட்டில் என் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில், டிப்ளமோவுக்கு அடுத்து அந்த மெமோவைச் செருகினேன்.

மறுநாள் காலை அம்மா மூன்றாம் மாடியில் மாப் போட்டுக்கொண்டிருந்தாள். ரோபோ அவளைச் சுற்றிக்கொண்டு போனது. பொட்டு அப்படியே இருந்தது.