மெல்போர்னுக்குப் போகாத புற்றுமண்

காலை ஏழேகாலுக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் சங்கரன்கோவில் வண்டி ஏறினேன். சென்னையிலிருந்து வந்த ராத்திரி ரயிலில் மேல் படுக்கை. அறுபதைத் தாண்டியவனுக்கு மேல் படுக்கை ஒதுக்கும் கம்ப்யூட்டருக்கு முட்டி வலி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. மானூர் வருவதற்குள் ஜன்னல் கம்பியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பத்திரிகை ஆசிரியர் என் மகள் வயதுப் பெண். "சார், இந்தத் தடையற்ற வணிக ஒப்பந்தங்களால நாட்டுக்கு என்ன லாபம், உலக அரங்கில என்ன பலம்னு சென்னையில உட்கார்ந்தே எழுதிட்டிருக்கீங்க. ஒரு தடவை ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்து எழுதுங்களேன்" என்றார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டிக்கெட் போட்டுவிட்டார்.

தேவர்குளத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் குருவிகுளம் பக்கத்து விவசாயி. வானம் பார்த்த பூமி, பருத்தி போடுகிறாராம். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளிநாட்டோட ஒப்பந்தமா? அப்ப வரி இல்லாம கப்பல்ல பஞ்சு வந்து எறங்குமே, அதையும் எழுதுவியளா அண்ணாச்சி?"

"எழுதுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. மழைய நம்பிப் பருத்தி போடுதோம். கப்பல் பஞ்சு சல்லிசா கெடச்சா மில்லுக்காரன் அதத்தான் எடுப்பான். அவனக் குத்தம் சொல்லியும் பிரயோசனம் இல்ல."

அதோடு அவர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

ஒன்பது மணிக்குச் சங்கரன்கோவில். நிலையத்துக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தாராளம். நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் காதர் வந்துவிட்டார். முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கடையநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இப்போது இந்தப் பக்கத்துத் தறித் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அன்று மதியம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குப் போகும் முதல் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. அதைப் பார்க்கத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போதே பாடம் நடத்தினார். "பங்களாதேஷ் துண்டுக்கு அங்கன வரி கெடையாது அண்ணாச்சி, நம்ம துண்டுக்கு இருந்துச்சு. சின்ன வரிதான். ஆனா துண்டு வியாபாரத்துல மிஞ்சுறதே அந்தச் சின்னதுதானே? ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தம் வந்தபொறவு நமக்கும் இல்ல. இப்பத்தான் ஒரே கோட்டுல நின்னு ஓடுதோம்."

பத்து மணிக்கு, அந்தச் சரக்கை நெய்த தறிக்கூடத்தின் வாசலில் இறங்கினோம். கோமதியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எட்டு விசைத்தறி. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார். தறிச் சத்தத்தில் அவர் கத்துகிறார், நான் தலையாட்டுகிறேன். பாதி காதில் விழவில்லை. கடைசியில் அவரே தறிகளை நிறுத்தச் சொன்னார்.

"போன வருஷம் வரைக்கும் கரூர்க்காரருக்கு நெய்து குடுத்தோம் சார். எல்லாம் அமெரிக்காவுக்குப் போற துண்டு. அமெரிக்காக்காரன் திடீர்னு வரிய ஏத்திப்புட்டான். கரூர்க்காரர் போனை எடுக்கதையே நிறுத்திட்டாரு. எட்டுத் தறில ஆறு நின்னு போச்சு. இந்தச் சரக்கு பிடிச்சா மாசாமாசம் எடுக்கேன்னு ஆஸ்திரேலியாக் கடைக்காரன் சொல்லிருக்கான். பிடிக்கலன்னா தறிய எடைக்குப் போட வேண்டியதுதான்."

உலக அரசியல் பலம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இதுதான். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால், அவன் முகம் சுளித்த அன்று அடுப்பு அணையும். நாலு பேருக்கு விற்றால் ஒருவன் கோபித்துக்கொண்டாலும் சோறு வேகும். நாட்டுக்கும் அதே கணக்குத்தான். இதை இத்தனை சுருக்கமாக எழுதினால் எந்தப் பத்திரிகையும் காசு தராது.

கூடத்தின் ஓரத்தில் எழுபது அட்டைப்பெட்டிகள் டேப் ஒட்டி, பட்டை இறுக்கி அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் கட்டம் போட்ட சமையலறைத் துண்டுகள். கோமதியம்மாள் உள்ளே போய்ச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கோயில் புற்றுமண். இந்த ஊர்க் கோயிலுக்கு வந்தவர்கள் அதை எடுத்துப் போகாமல் திரும்புவதில்லை. நெற்றியில் இடுவார்கள், உடம்புக்குச் சரியில்லாவிட்டால் பூசுவார்கள், புது வீட்டு வாசல்நிலையில் வைப்பார்கள்.

"உங்களுக்கு ஒண்ணு சார். பெட்டிக்கு ஒண்ணுன்னு எல்லாத்துலயும் வச்சிட்டேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

காதரின் முகத்தைப் பார்த்தேன். பாவம், மனிதருக்கு ரத்தமே வற்றிவிட்டது. "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"ஆஸ்திரேலியாக்காரன் செருப்புல ஒட்டுன மண்ணையே தொடச்சிப் பாக்குறவன். சரக்குக்குள்ள மண்ணு இருக்குன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் நிறுத்திருவான். திருப்பி அனுப்புவான், இல்ல அழிச்சிருவான். அதோட அந்தக் கடைக்காரன் நம்ம பக்கம் தலைவச்சிப் படுப்பானா?"

"அதை அந்தம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? அவங்க சாமி மண்ண எடுத்து வெளிய போடுன்னு நான், ஒரு பாய், சொல்ல முடியுமா? அக்கா எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க பெரிய மனுஷன்."

நல்லா இருக்கு கதை! கட்டுரை எழுத வந்தவன் தலையில் இதுவுமா? முட்டி வலிக்கிறது, காலையில் சாப்பிடவில்லை, லாரி ஒரு மணிக்கு வந்துவிடும். வேறு வழியில்லாமல் உள்ளே போய்ச் சொன்னேன்.

கோமதியம்மாள் நான் முடிக்கும்வரை கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

"எடுக்க மாட்டேன் சார். கரூர்க்காரருக்குப் போட்டப்ப வைக்கல. என்ன ஆச்சுன்னு பாத்தியள்லா? இந்தத் தடவ அம்பாள் வாசல்ல நின்னு கேட்டு வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன். அதப் போயி எடுன்னு சொல்லுதிய."

"அம்மா, வரி இல்லைன்னுதான் ஒப்பந்தம். என்ன வேணும்னாலும் உள்ளே விடறேன்னு அவன் எழுதித் தரலை."

"அப்ப வாசலத் திறந்து வச்சிட்டு காவக்காரனையும் நிறுத்திருக்கான்."

"ஆமாம்."

"எங்க அம்பாள் மண்ணு அவன என்ன செய்யும்? நோயத் தீக்குத மண்ணு!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "அவனுக்கு அது அம்பாள் மண்ணுன்னு தெரியாதும்மா! மண்ணுன்னா மண்ணு. அதோட பூச்சி வரும், பயிர் நோய் வரும்னு பயப்படறான். அவன் நாட்டு விவசாயி நாளைக்கு அழக்கூடாதில்லையா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். சத்தம் போட்ட பிறகு வெட்கமாக இருந்தது. காதர் சுவரைப் பார்த்து நின்றார்.

கோமதியம்மாள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அண்ணன் ராயகிரிப் பக்கம் பருத்தி போட்டான்" என்றார் பிறகு, மெதுவாக. "எங்கிருந்தோ வந்த பூச்சி. ஒரு காய் மிஞ்சல. மறுவருஷம் நெலத்த வித்துட்டு திருப்பூர் போயிட்டான்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஏ பாய், அந்தச் சுவத்துல என்ன படமா ஓடுது? பிளேடு இருந்தா கொண்டாரும்."

முதல் பெட்டியின் டேப்பை அவரே கிழித்தார். பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சொளவு என்று இந்தப் பக்கம் சொல்லும் முறத்தைக் கழுவி, அதில் வைத்தார். பிறகு எல்லாருமாக உட்கார்ந்தோம். நான் டேப்பைக் கிழிக்க, தறிக்காரர்கள் துண்டுகளை எடுத்துக் கொடுக்க, அவர் ஒருவரே பொட்டலங்களைத் தொட்டார். காதர் பொட்டலம் ஒன்றையும் தொடாமல், மண் எடுத்த பெட்டிகளை மறுபடி ஒட்டி அடுக்கினார். என் விரலில் இரண்டு இடத்தில் பிளேடு கீறியது. ஒரு பெட்டியில் பொட்டலம் பிரிந்து துண்டெல்லாம் மண். "இது இங்கனயே கெடக்கட்டும்" என்று கோமதியம்மாள் அதை ஒதுக்கிவிட்டார். காதர் துறைமுக ஏஜென்டுக்குப் போன் போட்டு, சரக்குக் காகிதங்களில் எழுபதை அறுபத்தொன்பது ஆக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்.

லாரி வந்து அரைமணி நேரம் காத்து நின்றது. தூத்துக்குடி நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, ரோட்டில் வேலை நடக்கிறது என்று டிரைவர் முணுமுணுத்தார். பெட்டிகளை ஏற்றி முடித்து, இரண்டேகாலுக்கு வண்டி தெருமுனை திரும்பியது. கோமதியம்மாள் கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

காதர் வாங்கிவந்த பிரியாணியை மூன்றரைக்குச் சாப்பிட்டேன். இந்த ஊர்ப் பிரியாணிக்குப் பெரிய பெயர். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது, ருசி தெரியவில்லை.

மாலை ஆறுக்கு, ரயிலுக்குப் புறப்படும் முன் விடைபெறப் போனேன். தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. எட்டும் அல்ல, இரண்டுதான். கோமதியம்மாள் சொளவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மண்ணைத் திரும்பவும் அங்கேயே சேர்க்கப் போகிறாராம்.

"கோவிச்சுக்கிடாதிய சார், காலைல சத்தம் போட்டுட்டேன்."

"நானும்தான் போட்டேன் அம்மா."

அவர் நகரவில்லை. "நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. இதுவரைக்கும் எது செஞ்சாலும் அம்பாள முன்னால விட்டுத்தான் பின்னால போவேன். இன்னைக்கு அவளையே எறக்கிவிட்டுட்டு, நீங்க எழுதுதியளே அந்த ஒப்பந்தத்த நம்பி அனுப்பிருக்கேன். அது நல்லதுதானா?"

பருத்திக்காரருக்கு அது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாக்காரன் நாளைக்கே மனம் மாறலாம் என்பதும் தெரியும். அவர் அத்தனையையும் கேட்கவில்லை.

"நல்லதுதான் அம்மா" என்றேன்.

எத்தனையோ கட்டுரைகளில் எழுதிய வாக்கியம். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் எனக்குப் பயமாக இருந்தது.