கூடைக்கு இடமில்லாத பஸ்

இன்று காலை பஸ்ஸில் ஏறியதும் எலுமிச்சை வாசம் மூக்கைக் குத்தியது. டிரைவரின் தலைக்கு மேலே ஒரு சின்னப் போத்தல் தொங்குகிறது. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலும் வாவியுமாகக் கிடக்கிற ஊரில் யாருக்கு வேண்டும் இந்த எலுமிச்சைத் தோட்டம்!

மட்டக்களப்பில் புடவைக்கடையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் வாகரை பஸ்ஸின் மணமே வேறு. கதவைத் தும்புக் கயிற்றால் கட்டியிருக்கும். இறங்குகிறவர் அவிழ்க்க வேண்டும், ஏறுகிறவர் கட்ட வேண்டும். பின் சீற்றுக்குக் கீழே மீன் கூடைகள். அந்த வரிசைக்கு ராணி, கதிரவெளிப் பூமணியக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பெண்பிள்ளைகளின் சோறும் படிப்பும் அவளுடைய நண்டுக் கூடைக்குள்தான் இருந்தன. டவுனில் வீடு வீடாக விற்றுவிட்டு, திரும்பும்போது ஊராருக்குச் செருப்பு வாங்கி வருவாள். கால் அளவுக்குத் தென்னை ஈர்க்கு முறித்துக் கொடுத்தால் போதும். ஈர்க்கு நீளத்தைத்தானே சொல்லும், அகலத்தைச் சொல்லாதே. அவள் வாங்கித் தந்த சோடியோடு நான் ஒரு வருஷம் தாரா வாத்துபோல ஆடியாடி நடந்தேன்.

ஒருநாள் நண்டொன்று கூடையைவிட்டு இறங்கி, கந்தோரில் வேலைபார்க்கும் கிளாக்கர் ஐயாவின் சப்பாத்தை ஆராய்ந்தது. ஐயா சீற்றில் ஏறி நின்றார்.

"அவர் பெரியாள் எண்டு அதுக்கென்னெண்டு தெரியும்?" என்றாள் பூமணியக்கா.

அன்றிலிருந்து ஐயாவுக்கு நல்ல பஸ் வேண்டும். எங்களுக்கும் வேண்டும். எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டவள் பூமணியக்காதான். "ஓம், குலுங்காத பஸ் வரட்டும். இந்தக் குலுக்கலில எண்ட நண்டெல்லாம் கால் முறிஞ்சு கிடக்கு!"

வந்தது ஏசி பஸ். மாலை, கற்பூரம், வாழைக்குலை. மேடையில் ஒரு பெரிய மனிதர், "உங்கள் வாழ்க்கையே மாறப்போகிறது" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. கைப்பலம் உள்ளவள் என்று பூமணியக்காவிடமே தேங்காயைக் கொடுத்தார்கள். ஒரே அடியில் உடைத்தாள். நாங்கள் கைதட்டிவிட்டு ஏறிக்கொண்டோம். அவள் கூடையைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"அக்கா, கூடை ஏத்த ஏலா. ஏசி பஸ், மணக்கும்" என்றார் கண்டக்டர்.

"நான்தானே தம்பி தேங்கா உடைச்ச?"

"அது வேற, இது வேற அக்கா."

யன்னலால் தலையை நீட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், அந்த யன்னல் திறக்கிற சாதி இல்லை. பஸ் குலுங்காமல் போனது.

பழைய பஸ்ஸை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவில் போனால் கூலியே நண்டைத் தின்றுவிடும். கரைக்கு வருகிற முதலாளி வைத்ததுதான் விலை; பிடிபடுவதையெல்லாம் அவரே வெளியூருக்கு ஏற்றிவிடுவார். மாரி தொடங்குமுன் கூடை கவிழ்ந்துவிட்டது. இப்போது வாவியைச் சுற்றி இருந்துகொண்டு நாங்கள் டின் மீன் வாங்குகிறோம். வெட்கக்கேடு!

பூமணியக்கா இந்த பஸ்ஸில் ஏறியது ஒரேயொரு தரம். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. கண்டக்டர் ஓடிவந்து சூட்கேஸை வாங்கினார்.

"பாத்து வையுங்க தம்பி, உள்ளுக்கு கருவாடு கிடக்கு" என்றாள்.

அவர் பக்குவமாக மேலே வைத்தார். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. பஸ் புறப்பட்டது. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே இருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி கறுப்பு. பிள்ளைகள் இரண்டும் வேறு யாரோ இருந்த யன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றன.