மாமனார் வண்டிக்கு ஒரு டூல்ஸ் பெட்டி

ஊரில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னல் ஓர மேஜையில் ஈறு நிறத்து மெழுகும், சின்னச் சின்ன அரங்களும், சிரித்தபடி கிடக்கும் யாருடையதோ பற்களும் எப்போதும் இருக்கும். அதைத் தவிர வேறு எந்த வேலையும் அவருக்குக் கைவராது. வீட்டில் பல்பு மாற்றுவதுகூட மனைவிதான்.

அந்த மனைவிக்குத்தான் கைகால்கள் ஒவ்வொன்றாகச் சொன்னபேச்சைக் கேட்காமல் போகும் வியாதி வந்தது. முதலில் செருப்பு காலில் நிற்கவில்லை. பிறகு பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. டாக்டர் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லி, குணமாகாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். கடைசிவரை அறிவு தெளிவாக இருக்கும் என்றும் ஆறுதலுக்குச் சேர்த்துக்கொண்டார். அது ஆறுதல்தானா என்று வீடு வந்து சேரும்வரை இருவருக்கும் விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்தது. மாமனார் ஓட்டிய பழைய கார். அவர் போன பிறகு, சின்ன மகள் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்தச் சின்ன மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் நிறுத்த இடம் பற்றவில்லை, காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டாள்.

"அப்பா வண்டியைப் போயி இரும்புக்கா போடுவே?" என்று அக்கா பதறினாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் பல்செட்காரருக்கு என்ன தோன்றியதோ, "நம்ம வீட்டுக்குக் கொண்டுவந்துடலாம். நானே சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டார்.

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். "மாமா, உங்களுக்கு ஸ்டெப்னி எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

தெரியாது. வண்டியை லாரியில் ஏற்றி வந்து பக்கவாட்டு ஷெட்டில் இறக்கினார்கள். மறுநாளே கடைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வந்தார். முதல் நட்டில் வைத்து அழுத்தியதுமே ஸ்பேனர் வழுக்கியது. இன்னும் பலமாக அழுத்தினார். நட்டின் மூலைகள் மழுங்கி மொட்டையாகிப் போயின. விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஹார்டுவேர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சார், அந்தக் காலத்து வண்டியெல்லாம் இஞ்ச் கணக்கு. நீங்க எம்எம் ஸ்பேனரைப் போட்டா அது எப்படிப் பிடிக்கும்? அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பட்டன் மாட்டலைன்னு அழுவாங்களா?"

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பெட்டி. இஞ்ச் கணக்கில் ரிங் ஸ்பேனர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பழைய சாமான் விற்கும் தெருவில் உட்கார்ந்து, குவியலைக் கிளறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தார். துரு இளக்கும் எண்ணெய் வாங்கினார். ஒருநாள் ஜாக்கி சரிந்து கார் தடாலென்று இறங்கியது. நல்லவேளை, அப்போது அவர் அடியில் இல்லை. அன்றே ஓடிப்போய் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கினார். பிளக் கழற்ற நீளமான சாக்கெட், இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் என்று பெட்டி கனத்துக்கொண்டே போனது. மெழுகு செதுக்கப் பழகிய கைக்கு ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகள் சட்டென்று பிடிபட்டன. அது பிடிபட்ட அன்று அவர் தனியாக ஷெட்டில் நின்று சிரித்தார்.

துருவேறிய போல்ட் முரண்டு பிடித்தாலும், எண்ணெய் விட்டுக் காத்திருந்தால் என்றாவது ஒருநாள் இளகும். உள்ளே கட்டிலில் இருந்தவளுக்கு அப்படி விட எந்த எண்ணெயும் இல்லை. காலையில் அவளைக் குளிப்பாட்டி, சாய்த்து உட்கார வைத்து, பல் வேலையை முடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவார். மதியம் வேன் ஓட்டம் இல்லாத நேரத்தில் தங்கை வந்து அக்காவுக்குச் சோறு ஊட்டுவாள். அவர் கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்து, "சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். யாராவது கேட்டால், "அவ அப்பா வண்டி. அவளுக்காகத்தான்" என்பார். அதை அவரே முழுசாக நம்பவும் செய்தார்.

துடைக்கத் துணி எவ்வளவு இருந்தாலும் பற்றவில்லை. அலமாரியில் மடித்துக் கிடந்த பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துக் கிழித்தார். அவள்தான் இப்போது நைட்டிக்கு மாறிவிட்டாளே. தோளில் அந்தத் துண்டோடு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது அவள் பார்த்துவிட்டாள். பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது.

"அது... என் புடவை."

"பழசும்மா. நைஞ்சு போச்சு."

"கேட்டிருக்கலாம்ல."

அவ்வளவுதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி ஷெட்டுக்குத்தான் போனார். வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு மதியம் கார் உயிர் பெற்றது. இருமி, புகை கக்கி, நின்று, திரும்பவும் இருமி, கடைசியில் ஒரே சீராக உறுமியது. அவர் இன்ஜினை அணைக்காமலே உள்ளே ஓடினார்.

"கேட்டியா? ஓடுது! வா, உன்னைத் தூக்கி முன்சீட்ல வைக்கிறேன். ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஊட்டிக்கொண்டிருந்த தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். "வேணாம்."

"உங்க அப்பா வண்டிம்மா."

"நான்... வண்டி கேட்கலைங்க. இரும்புக்குப் போட வேணாம்னுதான் சொன்னேன்." மூச்சு வாங்கியது. அவர் காத்திருந்தார். "இங்க ஒரு நாற்காலி கிடக்கு. அதுல நீங்க உட்கார்ந்தே பார்க்கலை."

வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கைதான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் அவரைப் பார்க்காமல், "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன், மாமா" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். என்ன பேசுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, ஒன்றும் புரியவில்லை. இளித்தபடியே இருந்தார்.

"பல்செட் மாதிரி... சிரிக்காதீங்க" என்றாள் அவள். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, "அந்தப் பெட்டியைக் கொண்டாங்க. அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பார்ப்போம்" என்றாள்.

கட்டிலில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்களின் பெயரை வைத்தாள். கொறடு அவருடைய அத்தை, பிடித்தால் விடாது. எதற்கெடுத்தாலும் அடிக்க வரும் சுத்தியல் அவளுடைய சித்தப்பா. எந்த நட்டுக்கும் பொருந்துவதாகச் சொல்லி எதற்கும் சரியாகப் பொருந்தாத திருகு ஸ்பேனரை எடுத்தபோது அவள் அவரையே பார்த்தாள்.

"நானா?" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அந்தக் காலம் ரொம்ப நீளவில்லை. பேச்சு முழுவதும் நின்றது. கண்ணை மூடித் திறப்பது மட்டும் மிச்சமிருந்தது. அவர் பல் வேலையை அந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு காலை நேரத்தில், மெழுகை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தவர் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண் மூடியிருந்தது. திறக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவர் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அழவும் இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார், டாக்டர்கள் அனுப்பிய அச்சுகளை முடித்துக் கொடுத்தார். தங்கைக்குத்தான் அது பயமாக இருந்தது. ஒரு விடுமுறை நாள் வந்து நின்றாள்.

"சாவியைக் கொடுங்க மாமா. நான் ஓட்டறேன். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க."

பேட்டரியை மாற்றி, வண்டியைக் கிளப்பிவிட்டாள். அவர் பழக்கத்தில் டூல்ஸ் பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டி, பாலம் ஏறி, மரங்கள் இருந்த சாலையில் நன்றாகத்தான் போனது. தங்கை அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு முறை குலுங்கி, இன்ஜின் அடங்கிவிட்டது.

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வயரை இழுத்துப் பார்த்தார். தங்கை கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "மாமா, பெட்ரோல் ஊத்தினீங்களா?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். இத்தனை சாமான் வாங்கிச் சேர்த்தவருக்கு அது ஞாபகமே வரவில்லை.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அவர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்கள். அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்றுதான் தங்கை நினைத்தாள். கேவல் வெளியே வந்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, திறந்து கிடந்த பெட்டியையும் காரையும் அழும் மனிதரையும் பார்த்தார். "என்னாச்சும்மா?"

"பெட்ரோல் தீர்ந்துடுச்சு" என்றாள் தங்கை.

"அட, இதுக்குப் போயா? விடுங்க சார், பங்க் கிட்டத்துலதான் இருக்கு" என்றார் அவர் நல்லெண்ணத்தோடு.

பல்செட்காரர் அழுதுகொண்டே சரி என்று தலையாட்டினார். தங்கை எழுந்து, டிக்கியிலிருந்து காலிக் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள்.